தும்பாவில் ஏற்றிய சுடர் – டாக்டர் விக்கிரம் சாராபாய்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழராகிய நாம், இந்நகரோடு தொடர்புடைய பெரியோரை எண்ணும்போது, மனோன்மணீயம் இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளையையும், இங்கே ஆசிரியப் பணி புரிந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையையும் முதலில் நினைப்பது இயல்பே. அவர்களோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றொருவரும் உண்டு. அவர் தமிழருமல்லர், மலையாளியுமல்லர். குஜராத்தில் பிறந்தவர். நம்மைப்போலவே வெளியூரிலிருந்து இந்நகருக்கு வந்தவர். இதன் ஒரு கடற்கரையில் தம் வாழ்நாளின் தலைசிறந்த பணியைத் தொடங்கி, மற்றொரு கடற்கரையில் கண் மூடியவர். அவரே டாக்டர் விக்கிரம் சாராபாய்.

அவருடைய வரலாற்றைச் சொல்லப் புகுமுன், ஒரு மெழுகுவத்தியைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல விரும்புகிறோம். இது தொடர்பில்லாத பேச்சு அன்று. அவர் தும்பாவில் செய்த காரியத்தைப் பள்ளியில் பயிலும் சிறுவரும் அடுப்பங்கரையில் இருக்கும் தாய்மாரும் உணர்ந்துகொள்வதற்கு மெழுகுவத்தியைவிட எளிய வழி வேறில்லை.

மெழுகுவத்தியின் வரவு செலவு

மின்சாரம் தடைப்பட்ட இரவில் நாம் ஒரு மெழுகுவத்தியை ஏற்றுகிறோம். தீக்குச்சியின் வெப்பத்தால் மெழுகு உருகுகிறது. உருகிய மெழுகு, திரியின் நுண்ணிய இழைகளினூடே மேலேறுகிறது. அங்கே ஆவியாகிறது. அந்த ஆவியே காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி எரிகிறது. எரிவது திரி என்று நாம் பொதுவாக நினைக்கிறோம். உண்மையில் எரிவது மெழுகின் ஆவியே. எரிந்தபின் மெழுகு நீராவியாகவும் கரியமிலவாயுவாகவும் மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. இங்கிலாந்து தேசத்து விஞ்ஞானி மைக்கேல் பாரடே, 1860ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் காலத்தில், இந்த ஒரு மெழுகுவத்தியையே பொருளாகக் கொண்டு சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார் என்றால், அதற்குள் எத்துணைச் செய்தி அடங்கியிருக்கவேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

மெழுகு மறைந்துவிட்டது. ஆயின் அதற்குள் இருந்த சக்தி எங்கே போயிற்று? ஒரு கிராம் மெழுகு எரியும்போது ஏறத்தாழ 43,000 ஜூல் அளவுள்ள சக்தி வெளிப்படுகிறது. ஒரு சாதாரண மெழுகுவத்தி மணிக்குச் சுமார் 6 கிராம் எரிகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், அச்சிறு சுடர் சுமார் 70 வாட் அளவில் சக்தியை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. அதில் நம் கண்ணுக்கு ஒளியாக வருவது நூற்றில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவு. எஞ்சியதெல்லாம் வெப்பமே. சுடரில் எரிந்து முடியாத கரித்துகள்கள் பழுக்கக் காய்ந்து மஞ்சளாக ஒளிர்வதையே நாம் வெளிச்சம் என்று கொண்டாடுகிறோம்.

கணக்குப் பேரேடு எழுதிப் பழகிய நம்மைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு நுட்பம் எளிதில் புலனாகும். வரவுப் பக்கத்தில் மெழுகின் இரசாயன சக்தி. செலவுப் பக்கத்தில் வெப்பமும் ஒளியும். இரண்டையும் கூட்டினால் ஒரு காசும் குறையாமல் சரியாக நிற்கும். சக்தியைப் புதிதாக ஆக்கவும் இயலாது, அழிக்கவும் இயலாது. வடிவம் மாற்றவே இயலும் என்னும் இவ்வுண்மையை 1840களில் மாயர், ஜூல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் நிலைநாட்டினர். நிலக்கரி எஞ்சின்கள் ஓடிய காலத்தைக் கண்ட நம் காலனிப் பெரியவர்கள் இதனை மறந்திருக்கமாட்டார்கள். கரியின் சக்தி நெருப்பாகி, நெருப்பு நீராவியாகி, நீராவி சக்கரத்தின் ஓட்டமாகி, நிலையத்தில் தடை போட்டபோது அவ்வோட்டம் தடைக்கட்டையின் சூடாகி முடிந்தது. வடிவம் மாறிற்றே தவிர, சக்தி காணாமற் போகவில்லை.

இந்தக் கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டு சாராபாயின் வாழ்க்கைக்கு வருவோம்.

பிறப்பும் கல்வியும்

விக்கிரம் சாராபாய் 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் அகமதாபாத் நகரில் பிறந்தார். தந்தையார் அம்பாலால் சாராபாய் பெரிய ஆலை முதலாளி. தாயார் சரளாதேவி. அவர்களுக்குப் பிறந்த எண்மருள் விக்கிரமும் ஒருவர். செல்வம் மிகுந்த குடும்பமாயினும், தேசிய இயக்கத்தில் ஈடுபாடு கொண்ட குடும்பம். பிள்ளைகளை வெளியே பள்ளிக்கு அனுப்பாமல், மாண்டிசோரி அம்மையாரின் கல்விமுறையைத் தழுவி, வீட்டிலேயே ஒரு பள்ளியை அமைத்துப் படிக்கவைத்தார் சரளாதேவி. கையால் செய்து கற்பது என்னும் பழக்கம் விக்கிரமுக்கு அங்கேயே வேரூன்றியது.

அகமதாபாத்திலுள்ள குஜராத் கல்லூரியில் சிறிது காலம் பயின்றபின், அவர் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் புனித ஜான் கல்லூரியில் சேர்ந்தார். 1940இல் இயற்கை விஞ்ஞானத்தில் பட்டம் பெற்றார். அப்போது இரண்டாம் உலகப்போர் மூண்டிருந்தமையால் தாயகம் திரும்பி, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமனின் மேற்பார்வையில் ஆராய்ச்சி தொடங்கினார். அண்டவெளியிலிருந்து இரவும் பகலும் பூமியின்மீது பொழிந்துகொண்டிருக்கும் காஸ்மிக் கதிர்களே அவர் எடுத்துக்கொண்ட பொருள். 1942இல் அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாயிற்று. உயரம் கூடக் கூட இக்கதிர்கள் எவ்வாறு மாறுகின்றன என்பதை அறிய, 1943இல் காஷ்மீரத்தின் பனிமலைகளுக்கும் கருவிகளைச் சுமந்து சென்றார். வானத்தை அறியவேண்டுமாயின் மேலே ஏறியே ஆகவேண்டும் என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார் எனலாம்.

பெங்களூரில்தான் அவருக்கும் நாட்டியக் கலைஞர் மிருணாளினி அம்மையாருக்கும் நட்பு மலர்ந்தது. மிருணாளினி, சென்னை வழக்கறிஞர் சுவாமிநாதனுக்கும், பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்த அம்மு சுவாமிநாதனுக்கும் மகள். நேதாஜியின் படையில் பெண்கள் பிரிவுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமியின் தங்கை. 1942இல் சென்னையில் திருமணம் நடந்தது. வெள்ளையனே வெளியேறு இயக்கம் நாடெங்கும் கொந்தளித்துக்கொண்டிருந்த சமயம் அது. மணமகன் வீட்டார் எவரும் அத்திருமணத்துக்கு வந்து சேர இயலவில்லை. குஜராத்தியரின் இல்லத்தில் பரதநாட்டியமும் கதகளியும் குடிபுகுந்தன. மிருணாளினி அம்மையார் அகமதாபாத்தில் நிறுவிய தர்ப்பணா என்னும் கலைக்கூடம் இத்திருமணத்தின் பயனே.

அகமதாபாத்தில் கட்டிய ஆலயங்கள்

போர் முடிந்தபின் கேம்பிரிட்ஜ் சென்று, 1947இல் டாக்டர் பட்டத்துடன் திரும்பினார். அவ்வாண்டே நவம்பர் 11ஆம் நாள், அகமதாபாத்தில் பௌதிக ஆராய்ச்சிக்கூடம் தோன்றியது. தோற்றுவித்தவருக்கு வயது 28. அதன் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றவர் டாக்டர் கே. ஆர். இராமநாதன். பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த இவர், இளமையில் இதே திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரியில் பணியாற்றியவர். வானிலை விஞ்ஞானத்தில் உலகப் புகழ் பெற்றவர். தம்மைவிட இருபத்தாறு வயது மூத்த ஒருவரைத் தேடிப்பிடித்துத் தலைமையில் அமர்த்திவிட்டு, தாம் அவரோடு சேர்ந்து உழைத்தார் சாராபாய். நிறுவனத்தை உண்டாக்கியவர் நாற்காலியைத் தமக்கென்றே வைத்துக்கொள்ளவேண்டும் என்பதில்லை என்னும் இப்பண்பு, சங்கங்களும் சபைகளும் நடத்தும் நாம் அனைவரும் கருதத்தக்கது.

நெசவாலைகளுக்கென ஓர் ஆராய்ச்சிக் கழகம், 1961இல் நிர்வாகக் கல்விக் கழகம், சிறுவர்கள் தாமே சோதனை செய்து கற்பதற்கென ஒரு சமுதாய விஞ்ஞான நிலையம் என அவர் நிறுவியவை பல. குடும்பத்தின் மருந்துத் தொழிலையும் அவர் கவனித்துவந்தார். ஆயினும் அவர் உள்ளம் மேல்நோக்கியே இருந்தது. பலூன் ஏறக்கூடிய உயரத்துக்கு ஓர் எல்லை உண்டு. செயற்கைக் கோள் சுற்றும் உயரமோ அதற்கும் மிக மேலே. இடைப்பட்ட வானத்தை ஆராய ராக்கெட்டைத் தவிர வேறு கருவியில்லை. 1962இல் விண்வெளி ஆராய்ச்சிக்கான இந்திய தேசியக் குழு அமைக்கப்பட்டது. அணுசக்தித் துறையின் தலைவர் டாக்டர் ஹோமி பாபாவின் ஆதரவுடன், சாராபாய் அதன் தலைவரானார். ராக்கெட் ஏவுவதற்கு இடம் தேடும் பணி தொடங்கியது.

ஏன் தும்பா?

பூமி ஒரு பெரிய காந்தம் என்பதை நாம் அறிவோம். அதன் காந்த நடுக்கோடு பூமத்திய ரேகையிலிருந்து விலகி, தென்னிந்தியாவின் முனையை ஒட்டிச் செல்கிறது. அக்கோட்டுக்கு நேர் மேலே, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில் ஒரு மின்னோட்டம் ஆறுபோலக் குறுகிய பாதையில் பாய்கிறது. சூரியனின் சக்தி மேல்வானத்துக் காற்றை மின்னேற்றமடையச் செய்து அசைப்பதனால் விளைவது அது. அதை அருகில் சென்று அளக்கவேண்டுமாயின், காந்த நடுக்கோட்டுக்கு அருகிலிருந்தே ராக்கெட்டை ஏவவேண்டும். திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள தும்பா அவ்வாறு அமைந்த இடம். மேற்கே அரபிக்கடல் விரிந்திருப்பதால், எரிந்து முடிந்த ராக்கெட்டு விழுவதற்கும் இடையூறில்லை.

இந்நகரின் காந்தப் பெருமை அன்றுதான் தெரியவந்தது என்று எண்ணவேண்டா. 1837இலேயே சுவாதித் திருநாள் மகாராஜா இங்கே வான ஆராய்ச்சிக் கூடம் ஒன்றை நிறுவினார். பின்னர் அதற்குத் தலைமை தாங்கிய ஜான் ஆலன் பிரவுன் என்னும் ஸ்காத்லாந்து தேசத்தவர், இந்நகரில் மட்டுமன்றி, நம் அகத்தியர் பெயர் தாங்கிய அகத்திய மலையின் மீதும் கருவிகளை ஏற்றிவைத்துக் காந்த ஊசியின் அசைவுகளைப் பல்லாண்டுகள் குறித்துவைத்தார். அகத்தியமலையில் தொடங்கிய ஆராய்ச்சி, நூறாண்டுக்குப்பின் தும்பாக் கரையில் தொடர்ந்தது.

கோயிலைக் கொடுத்த மக்கள்

தும்பா அன்று வெறும் நிலமாக இருக்கவில்லை. அங்கே மீனவர் குடும்பங்கள் வாழ்ந்தன. குடிசைகளும் தென்னைகளும் இருந்தன. அவர்கள் நாள்தோறும் மெழுகுவத்தி ஏற்றி வழிபட்ட மகதலேனா மரியாள் தேவாலயமும், அருகே ஆயரின் இல்லமும் இருந்தன. விஞ்ஞானிகள் வேண்டியது அந்த இடத்தையேதான். சாராபாய், அப்போது திருவனந்தபுரம் மேற்றிராணியாராக விளங்கிய பீட்டர் பெர்னார்டு பெரேராவை நாடிச் சென்று, நிலைமையை எடுத்துரைத்தார். ஆயர் உடனே விடை கூறாமல், ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு வருமாறு அழைத்து, திரண்டிருந்த மக்கள்முன் செய்தியை விளக்கி, அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டுப் பெற்றார் என்று டாக்டர் அப்துல் கலாம் பின்னாளில் எழுதியிருக்கிறார். மக்கள் இசைந்தனர். வேறிடத்தில் அவர்களுக்கு வீடுகளும் புதிய தேவாலயமும் எழுந்தன.

இந்நிகழ்ச்சியை மகிழ்ச்சியோடு மட்டும் சொல்லிக் கடந்துவிடுவது முறையன்று. சொந்த ஊரை விட்டுப் பெயர்வது எத்தகையது என்பதைப் பிழைப்பின் பொருட்டு ஊர் பெயர்ந்த நாம் அறிவோம். நாமாவது விரும்பி வந்தோம். ஆண்டுக்கொருமுறை இரயிலேறி ஊருக்குப் போய்வரவும் செய்கிறோம். அவர்கள் விட்டுவந்த ஊருக்குத் திரும்பிச் செல்ல வழியில்லை. முப்பாட்டன் காலத்திலிருந்து வலை இழுத்த கரை அது; பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயில் அது. இந்திய விண்வெளி வரலாற்றின் பேரேட்டில் வரவுப் பக்கத்தின் முதல் வரி அமெரிக்கா தந்த ராக்கெட்டு அன்று. பெயர் தெரியாத அம்மீனவர்கள் விட்டுக்கொடுத்த கரையே முதல் வரி. அவ்வரவுக்கு நாடு என்ன செலவெழுதிற்று என்னும் கேள்வி எழுவது நியாயமே. சாராபாயின் மனத்திலும் அக்கேள்வி இருந்தது என்பதை அவருடைய பிற்காலச் செயல்கள் காட்டும்.

தேவாலயக் கட்டடம் அலுவலகமாயிற்று. வழிபாட்டறை ஆய்வுக்கூடமாயிற்று, ஆயரின் அறையில் வரைபடங்கள் விரிந்தன. இராமேசுவரத்து இளைஞர் கலாமும், சென்னையிலிருந்து வந்த ஆராவமுதனும், வேறு பல மாநிலத்து இளைஞரும் அங்கே கூடினர். நகரத்து விடுதிகளில் தங்கி, நம் திருவனந்தபுரம் இரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலையில் உண்டு, பேருந்தேறித் தும்பாவுக்குச் சென்று உழைத்தவர்கள் அவர்கள். ராக்கெட்டின் முனைப்பகுதியை மிதிவண்டியில் வைத்துக் கொண்டுசெல்லும் புகைப்படம் இன்று உலகெங்கும் அறியப்பட்டது. ஏழை நாட்டின் விஞ்ஞானம் அவ்வாறுதான் தொடங்கிற்று.

1963 நவம்பர் 21

அன்று மாலை. அமெரிக்கா அளித்த நைக்கி அப்பாச்சி என்னும் இரண்டடுக்கு ராக்கெட்டு புறப்படவேண்டும். பிரான்சு தந்த சோடியம் ஆவிக் கருவி அதன் தலையில் இருந்தது. ராக்கெட்டைத் தூக்கி நிறுத்தும் சமயத்தில் பளுத்தூக்கியின் எண்ணெய் கசியத் தொடங்கியது. பலரும் சேர்ந்து தோள்கொடுத்துக் கையாலேயே அதனை ஏவுதளத்தில் பொருத்தினர். சூரியன் மறைந்த சிறிது நேரத்தில் ராக்கெட்டு சீறி எழுந்து சுமார் 200 கிலோமீட்டர் உயரம் சென்றது. சற்று நேரத்தில் வானத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு மேகம் விரிந்தது. கேரளத்தில் மட்டுமன்றித் தமிழ்நாட்டின் தென்பகுதிகளிலும் மக்கள் அதனை அண்ணாந்து பார்த்து வியந்தனர்.

அந்த ஒளி எங்கிருந்து வந்தது? அடுப்புச் சுடரில் உப்புத் தூள் விழுந்தால் சுடர் பளிச்சென்று மஞ்சளாவதைத் தாய்மார்கள் பார்த்திருப்பார்கள். உப்பிலுள்ள சோடியத்தின் நிறம் அது. தும்பா வானத்தில் சோடிய ஆவிக்கு ஒளியூட்டியது நெருப்பன்று, சூரியனே. தரையில் இருள் சூழ்ந்தபின்னும் அவ்வளவு உயரத்தில் கதிரவனின் ஒளி படும். அவ்வொளியை வாங்கிச் சோடியம் தன் நிறத்தில் திருப்பித் தந்தது. அந்த மேகம் நகர்ந்த வேகத்தைப் பல இடங்களிலிருந்து படமெடுத்து, மேல்வானத்துக் காற்றின் போக்கை அளந்தனர்.

இனி ராக்கெட்டையே நோக்குவோம். அதுவும் ஒரு மெழுகுவத்தியே. ஒரே வேறுபாடு, மெழுகுவத்தி தனக்கு வேண்டிய பிராணவாயுவைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து பெறுகிறது. ஒரு கண்ணாடித் தம்ளரால் மூடினால் சிறிது நேரத்தில் அணைந்துவிடுகிறது. மேல்வானத்திலோ காற்று இல்லையென்றே சொல்லலாம். ஆகவே ராக்கெட்டு, எரிபொருளோடு அதை எரிக்கும் பொருளையும் தன் வயிற்றிலேயே சுமந்து செல்கிறது. ரப்பர் போன்ற எரிபொருளோடு அம்மோனியம் பெர்குளோரேட் என்னும் உப்பைக் கலந்து கெட்டியாக வார்ப்பது பெருவழக்கு. அது எரியும்போது எழும் வாயு, குறுகிய வாய் வழியே வினாடிக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் கீழ்நோக்கிப் பாய, ராக்கெட்டு மேல்நோக்கித் தள்ளப்படுகிறது.

ஒரு சிறு கணக்கைச் சிறுவர்கள் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோகிராம் எடையுள்ள பொருளை 200 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டிய சக்தி சுமார் 19 இலட்சம் ஜூல். ஏறக்குறைய 45 கிராம் மெழுகு எரிந்தால் வெளிப்படும் சக்தியும் அவ்வளவே! அஃதாவது, நம் வீட்டு மெழுகுவத்தி ஒன்றில், ஒரு கிலோ அரிசியை விண்வெளி வரை ஏற்றப் போதிய சக்தி உறங்குகிறது. அப்படியாயின் ராக்கெட்டுக்கு ஏன் நூற்றுக்கணக்கான கிலோ எரிபொருள் வேண்டும்? தன் எரிபொருளையும் தானே தூக்கவேண்டும். எரிக்கும் பொருளையும் தூக்கவேண்டும். சக்தியின் பெரும்பகுதி சூடான வாயுவோடு போய்விடும். காற்றின் உராய்விலும் ஒரு பங்கு கழியும். சக்தி இருப்பது ஒன்று. அதனை வேண்டிய வடிவுக்கு மாற்றும் திறமை மற்றொன்று. சாராபாய் இந்நாட்டுக்குக் கற்பித்தது இரண்டாவதையே.

ராக்கெட்டின் கணக்கும் முடிவில் சரியாகவே நிற்கும். இரசாயன சக்தி வெப்பமாயிற்று, வெப்பம் வேகமாயிற்று, வேகம் உயரமாயிற்று. உச்சியை எட்டித் திரும்பி வீழும்போது உயரம் மீண்டும் வேகமாகி, காற்றிலும் கடலிலும் வெப்பமாகக் கரைந்தது.

சொந்தச் சுடர்

இரவல் ராக்கெட்டோடு நின்றுவிட அவர் விரும்பவில்லை. 1967ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள், 75 மில்லிமீட்டர் விட்டமே உடைய ரோகிணி 75 என்னும் சிறிய இந்திய ராக்கெட்டு தும்பாவிலிருந்து பறந்தது. பார்ப்பதற்கு ஒரு பெரிய வாணம் போன்றதே. ஆயினும் நம்மவர் கையால் செய்தது. 1968 பிப்ரவரி 2ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி தும்பாவை ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தார். அமெரிக்கரும் ருஷியரும் எதிரெதிர் நின்ற அக்காலத்தில், இரு நாட்டவரும் பிரெஞ்சுக்காரரும் தும்பாக் கரையில் உதவிக்கு நின்றது வியத்தற்குரியது.

அக்காலத்தில் நாட்டில் பஞ்சம் நிலவியது. அமெரிக்கக் கோதுமைக்காக நாம் கப்பலை எதிர்நோக்கிய ஆண்டுகள் அவை. சோற்றுக்கு வழியில்லாத நாட்டுக்கு ராக்கெட்டு எதற்கு என்று பலரும் கேட்டனர். கேட்டது தவறன்று. சாராபாய் அதற்கு நேராகவே விடை அளித்தார். நிலவுக்கு மனிதரை அனுப்புவதில் செல்வ நாடுகளோடு போட்டியிடுவது நம் நோக்கமன்று. மக்களின் அன்றாடத் துன்பங்களைத் தீர்க்க உயர்ந்த விஞ்ஞானத்தைப் பயன்படுத்துவதில் நாம் எவருக்கும் பின்தங்கக்கூடாது என்பதே அவர் கருத்தின் சாரம். கிராமத்துக்குக் கல்வி, உழவருக்குச் செய்தி, மழைக்கும் புயலுக்கும் முன்னறிவிப்பு ஆகியவற்றையே அவர் எண்ணினார். 1969இல் அவர் அமெரிக்காவோடு செய்துகொண்ட உடன்பாட்டின் பயனாக, 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம் செயற்கைக் கோள் வழியாகச் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் சென்றன. புயல் எச்சரிக்கை கேட்டு இன்று படகைக் கரையேற்றும் மீனவர், விண்வெளி ஆராய்ச்சியின் பயனையே துய்க்கின்றனர். தும்பா மக்களின் கடன் இவ்வழியில் ஒரு பகுதியேனும் தீர்ந்தது என்று நாம் கருதலாம். முழுவதும் தீர்ந்தது என்று சொல்லத் துணியோம்.

1966 ஜனவரியில் ஹோமி பாபா விமான விபத்தில் மாண்டார். அவர் வகித்த அணுசக்திக் கமிஷன் தலைமையும் சாராபாயின் தோளில் ஏறியது. 1969 ஆகஸ்டு 15ஆம் நாள் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. பம்பாய், அகமதாபாத், திருவனந்தபுரம் என ஓயாத பயணம். விமான நிலையத்திலும் பயணத்தின் இடையிலும்கூட அவர் ஆலோசனைகள் நடத்தினார். நம் உடலும் ஒருவகை மெழுகுவத்தியே. உண்ட உணவு உள்ளே மெல்ல எரிகிறது. அமைதியாக உட்கார்ந்திருக்கும் மனிதன் வெளியிடும் வெப்பம் ஒரு மெழுகுவத்தியின் வெப்பத்தைவிடச் சற்றே மிகுதி. அமைதியாக உட்கார்ந்திருப்பது என்பதையே அறியாதவர் சாராபாய்.

கோவளத்தில் ஓர் இரவு

1971 டிசம்பர் இறுதியில் அவர் தும்பாப் பணிகளைப் பார்வையிடத் திருவனந்தபுரம் வந்தார். செயற்கைக் கோளை ஏற்றிச் செல்லும் ராக்கெட்டின் அமைப்பைப் பற்றிய ஆராய்ச்சிகள் நடந்துகொண்டிருந்த சமயம். டில்லியிலிருந்து தொலைபேசியில் பேசிய கலாமை, திருவனந்தபுரம் விமான நிலையத்தில் தம்மைச் சந்திக்குமாறு பணித்தார். கலாம் வந்திறங்கியபோது, அவர் கேட்டது தம் தலைவரின் மரணச் செய்தியை. 1971 டிசம்பர் 30ஆம் நாள் கோவளத்தில் அவர் உயிர் பிரிந்தது. வயது 52.

அவர் மறைந்தபின் தும்பா நிலையம் விக்கிரம் சாராபாய் விண்வெளி மையம் என்னும் பெயர் பெற்றது. 1975இல் ஆரியபட்டா சுற்றியது. 1979இல் முதல் முயற்சி தவறியபோதும், 1980 ஜூலை 18ஆம் நாள், நான்கு அடுக்கும் கெட்டி எரிபொருளால் இயங்கும் எஸ்.எல்.வி. 3 என்னும் இந்திய ராக்கெட்டு, ரோகிணி என்னும் கோளைப் பாதையில் ஏற்றியது. நிலவில் ஒரு பள்ளத்துக்குச் சாராபாய் என்று பெயரிட்டனர். 2023 ஆகஸ்டு 23ஆம் நாள், நிலவின் தென்துருவப் பகுதிக்கு அருகே இறங்கிய இந்தியக் கலத்துக்கு விக்கிரம் என்பதே பெயர். தும்பாத் தேவாலயம் இடிக்கப்படவில்லை. அது இன்று விண்வெளிப் பொருட்காட்சிசாலையாக நிற்கிறது.

கணக்கை முடிக்குமுன்

ஒருவருடைய உழைப்பு அவரோடு முடிந்துவிடுகிறதா என்று கேட்போர் உண்டு. சக்தியின் கணக்கு நமக்கு ஒரு விடை தருகிறது. அம்பாலாலின் செல்வம் ஆராய்ச்சிக்கூடமாயிற்று, ஆராய்ச்சிக்கூடம் இளைஞரின் அறிவாயிற்று, அவ்வறிவு ராக்கெட்டாயிற்று, ராக்கெட்டு கோளாகி, கோள் கிராமத்துப் பள்ளியில் பாடமும், மீனவர் காதில் எச்சரிக்கையும் ஆயிற்று. இவ்வரிசையில் எங்கோ ஓரிடத்தில் மெழுகைப்போல் கரைந்து மறைந்த மனிதர் ஒருவர் உண்டு. அவரோடு கூட, தம் கோயிலையே கொடுத்துவிட்டு அமைதியாகப் பெயர்ந்துபோன கடற்கரை மக்களும் உண்டு.

நம் காலனிப் பிள்ளைகளை விடுமுறையில் கடைத்தெருவுக்கும் திரைப்படத்துக்கும் அழைத்துச் செல்கிறோம். ஒரு நாளேனும் தும்பாவுக்கு அழைத்துச் செல்வோமாக. அத்தேவாலயத்தின் முன் நிறுத்தி, இங்கே முன்னொரு காலத்தில் மெழுகுவத்தி எரிந்தது, பின்னர் ராக்கெட்டு எரிந்தது, இரண்டும் ஒன்றே என்று சொல்லுவோமாக. எப்படி ஒன்றாகும் என்று பிள்ளை திருப்பிக் கேட்குமாயின், நமக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை. சாராபாய் இந்நகருக்கு வந்ததும் அத்தகைய ஒரு கேள்வியோடுதான்.